பள்ளிக்கூடம் போக மறுத்த கணித மேதை

கீழ் கோத்தகிரியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சரிவில் இருந்த தேயிலைத் தோட்டம் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து நின்றார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவர் கையைப் பிடித்தபடி ஏழு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் வாய் சும்மா இருக்கவில்லை. கடைப் பலகை, சுவரொட்டி, என் கையில் இருந்த பத்திரிகை எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தது.

கெட்டிக்காரக் குழந்தை என்று சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பெருமூச்சு வந்தது.

மகள் படிப்பது இரண்டாம் வகுப்பு. ஆனால் அண்ணனுடைய நான்காம் வகுப்புப் புத்தகத்தை முடித்துவிட்டாளாம். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறாள். அப்புறம் அவளுக்கு வேலை இல்லை. பக்கத்துப் பிள்ளையோடு பேசுகிறாள். திட்டு வாங்குகிறாள். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று அழுகிறாள்.

இரண்டு வகுப்பு மேலே தூக்கிப் போடச் சொல்கிறார்கள் சிலர். கண்பட்டுவிட்டது, திருஷ்டி சுற்றிப் போடு என்கிறார்கள் சிலர். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு என்று ஒருவர் கேட்டாராம். நான் என்ன செய்யட்டும் ஐயா என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

நான் வாத்தியார் அல்ல. ஆனால் பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆகவே ஒரு பையனின் கதையைச் சொன்னேன். அவனும் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடித்தவன்தான். அவனைப் போலீஸ்காரரைக் கொண்டு பள்ளிக்கூடம் அனுப்பினார்கள்!

அந்தப் பையன்தான் கணித மேதை ராமானுஜம்.

பேசாத பிள்ளை

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பாட்டி வீட்டில் பிறந்தான் ராமானுஜம். சொந்த ஊர் கும்பகோணம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் குமாஸ்தா. சம்பளம் மாதம் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். அதில் கொஞ்சம் காசு வரும்.

இரண்டு வயதில் அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மை கண்டது. ஊரில் பல குழந்தைகள் மாண்டன. ராமானுஜம் பிழைத்தான். தழும்பு மட்டும் நின்றது. அவனுக்குப் பின்னால் பிறந்த மூன்று குழந்தைகள் வரிசையாக இறந்துபோயின. அந்தத் தாய் இந்தப் பிள்ளையை எப்படிப் பார்த்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வயது வரை பிள்ளை சரியாகப் பேசவில்லை. ஊமையோ என்று வீட்டில் பயந்தார்கள். காஞ்சிபுரத்தில் தாத்தா அவன் விரலைப் பிடித்து, தரையில் பரப்பிய அரிசியில் அ, ஆ எழுத வைத்தார். எழுத எழுதப் பேச்சும் வந்தது. பின்னாளில் உலகமே வியந்த அறிவு, ஆரம்பத்தில் மந்த புத்தி என்று நினைக்கப்பட்ட அறிவு!

பிறகு சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. காலையில் கிளம்பமாட்டான். அழுவான், ஒளிந்துகொள்வான். வீட்டார் ஒரு போலீஸ்காரரிடம் சொல்லிவைத்தார்கள். அவர் வந்து மிரட்டித்தான் பையன் போனான். ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. கும்பகோணத்துக்கே திரும்பினான்.

இந்த இடத்தில் கீழ் கோத்தகிரிக் குழந்தை சிரித்தது. போலீஸ்காரர் தொப்பி போட்டிருந்தாரா என்று கேட்டது.

ஒரு மார்க்குக்கு அழுதவன்

கும்பகோணத்தில் அம்மா இருந்தார். அங்கே பையன் தானாகப் படித்தான். 1897 நவம்பரில் ஆரம்பப் பள்ளிப் பரீட்சை நடந்தது. தமிழ், ஆங்கிலம், பூகோளம், கணக்கு. ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தான் ராமானுஜம். வயது பத்துகூட நிரம்பவில்லை.

அந்தப் பரீட்சையில் ஆங்கிலமும் இருந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

1898 ஜனவரியில் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தான். ஒரு முறை கணக்குப் பரீட்சையில் மொத்தம் 45 மார்க். ராமானுஜத்துக்கு 42. அவன் சிநேகிதனுக்கு 43. அவ்வளவுதான். சிநேகிதனோடு பேச்சு இல்லை. வீட்டுக்கு ஓடி அம்மா மடியில் விழுந்து அழுதான். கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தோல்வி புதிது. அதனால் ஒரு மார்க்கும் மலையாகத் தெரியும்.

இன்னொரு நாள் ஆசிரியர் வகுத்தல் கணக்கு நடத்தினார். மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. ஆயிரம் பழத்தை ஆயிரம் பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்று. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்றார்.

ராமானுஜம் எழுந்தான். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா? பழமே இல்லை, பங்கு கேட்க ஆளும் இல்லை. அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டான்.

வகுப்பு சிரித்திருக்கும். ஆனால் அது வம்புக் கேள்வி அல்ல. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் இன்னதுதான் வரும் என்று அறுதியிட முடியாது என்றே கணிதம் சொல்கிறது. பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்!

திண்ணையில் கிடைத்த புத்தகம்

வீட்டில் வருமானம் போதவில்லை. அதனால் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேருக்குச் சாப்பாடு போட்டு வீட்டிலேயே தங்க வைத்தார்கள். அவர்கள் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் படித்தவர்கள். இந்த ஏற்பாடு சில ரூபாய்களுக்காக வந்தது. ஆனால் ராமானுஜத்துக்கு அதில் கிடைத்தது வேறு.

பதினோரு வயதுப் பையன் அவர்களைச் சும்மா விடவில்லை. தெரிந்த கணக்கை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் சரக்குத் தீர்ந்துவிட்டது. அவர்கள் அவனை விரட்டவில்லை. கல்லூரியிலிருந்து புத்தகம் எடுத்து வந்து கொடுத்தார்கள். லோனி என்ற ஆங்கிலேயர் எழுதிய கோணக் கணிதப் புத்தகமும் அவன் கைக்கு வந்தது.

கோணக் கணிதம் என்றால் என்ன என்று அந்த அம்மாள் கேட்டார். தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உயரத்தை, மரம் ஏறாமல், தூரத்தையும் கோணத்தையும் கொண்டு கண்டுபிடிக்கும் கணக்கு அம்மா என்றேன். குழந்தை உடனே ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்தது.

பதின்மூன்று வயதுக்குள் அந்தப் புத்தகத்தை முடித்தான் ராமானுஜம். கல்லூரி மாணவர்களே அவனிடம் சந்தேகம் கேட்டார்கள். அவனும் தானாக ஒரு கோணக் கணித உண்மையைக் கண்டுபிடித்தான். பூரித்துப் போனான். பிறகுதான் தெரிந்தது, அதை ஆய்லர் என்ற மேதை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று. வெட்கம் தாங்கவில்லை. எழுதிய காகிதங்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவைத்தான்.

ஆய்லர் கண்டதை நீயும் தனியாகக் கண்டாயே, பிரமாதம் என்று அன்று பக்கத்தில் இருந்து ஒருவர் சொல்லியிருந்தால், அந்தக் காகிதம் கூரைக்குப் போயிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அட்டவணை போட்ட மாணவன்

டவுன் ஹைஸ்கூலை மெச்சத்தான் வேண்டும். இந்தப் பையனை என்ன செய்வது என்று அவர்கள் திகைத்து நிற்கவில்லை. பரீட்சையில் பாதி நேரத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறானா? சும்மா உட்கார வைக்காதே, வேலை கொடு என்று நினைத்தார்கள் போலும்.

அந்தப் பள்ளியில் 1,200 மாணவர்கள். முப்பத்தைந்து ஆசிரியர்கள். யார், எந்த வகுப்புக்கு, எந்த மணிக்குப் போவது என்று அட்டவணை போடுவது தலைவலி பிடித்த வேலை. மூத்த கணக்கு ஆசிரியர் கணபதி சுப்பய்யர் அதற்கு ராமானுஜத்தைக் கூப்பிட்டுக்கொண்டார். பையனுக்குக் கணக்கு, பள்ளிக்கூடத்துக்கு உபகாரம்!

அதே சமயம் அவனைத் தலைகால் தெரியாமல் மேல் வகுப்புக்குத் தூக்கிப் போடவும் இல்லை. ஆறு வருஷத்தில் ஆறு வகுப்பு. தன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தான். கணக்கில் மட்டும் வேறு உலகத்தில் இருந்தான்.

தூக்கிப் போடுவது எப்போதும் தப்பு என்று சொல்லவில்லை. சர் சி. வி. ராமன், ராமானுஜத்தைவிட ஒரு வயது இளையவர். அவர் பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-ல் பதினாறு வயது நிரம்பும் முன்பே பி.ஏ.யில் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் வாங்கினார். ஆனால் அவர் அப்பா கல்லூரி ஆசிரியர். வீடு நிறையப் புத்தகம். கேட்டால் பதில் சொல்ல வீட்டிலேயே ஆள். ஜவுளிக்கடைக் குமாஸ்தா வீட்டில் அது ஏது?

1904-ல் டவுன் ஹைஸ்கூல் பரிசளிப்பு விழா நடந்தது. கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசு ராமானுஜத்துக்கு. தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி அய்யர் மேடையில் அவனை நிறுத்தினார். நூற்றுக்கு நூறு என்பது இவனுக்குப் போதாது, அதற்கு மேலும் கொடுக்கலாம் என்ற பொருளில் சபைக்கு அறிமுகப்படுத்தினார்.

அது ராமானுஜத்தின் பள்ளி வாழ்வில் உச்சி. கீழே ஒரு பள்ளம் காத்திருந்தது.

ஐயாயிரம் சூத்திரம்

பள்ளம் தோண்டியது ஒரு புத்தகம் என்றால் நம்புவீர்களா? வாழ்வு கொடுத்ததும் அதே புத்தகம்தான்.

1903-ல் ஒரு நண்பர் மூலம் கல்லூரி நூலகத்திலிருந்து அது வந்தது. எழுதியவர் கார் என்ற ஆங்கிலேயர். லண்டனில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கணிதத்தில் அதுவரை கண்ட உண்மைகளைச் சுமார் ஐயாயிரம் சூத்திரங்களாக அடுக்கியிருந்தார். ஏன், எப்படி என்ற விளக்கம் மிகக் குறைவு. மற்றவர்களுக்கு அது தூக்கம் வரவழைக்கும் புத்தகம். ராமானுஜத்துக்கோ ஒவ்வொரு சூத்திரமும் ஒரு விடுகதை. ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்த்தான். நிரூபிக்கும்போது புதிது புதிதாக வேறு சூத்திரங்கள் முளைத்தன.

காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போடுவான். முழங்கையால் அழிப்பான். முடிவை மட்டும் நோட்டில் எழுதுவான்.

கோத்தகிரியில் நூலகம் எந்தப் பக்கம் என்று அந்த அம்மாள் நடுவில் கேட்டார். சொன்னேன்.

விழுந்த இடம்

1904-ல் ராமானுஜம் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தான். இன்றைய பிளஸ்-2 போன்ற படிப்பு அது. கெட்டிக்கார மாணவன் என்பதால் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அதனால்தான் படிக்க முடிந்தது.

சரித்திர வகுப்பு நடக்கும். இவன் கணக்குப் போடுவான். ஆங்கில வகுப்பு நடக்கும். இவன் கணக்குப் போடுவான். வருஷக் கடைசியில் ஆங்கிலக் கட்டுரையில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று.

பத்து வயதில் ஆங்கிலத்திலும் சேர்த்து ஜில்லாவில் முதலாவதாக வந்தானே, அதே பையன்! மூளையில் குறை என்று யாராவது சொல்ல முடியுமா? டவுன் ஹைஸ்கூலில் அவனைத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். கல்லூரியில் அவன் கூட்டத்தில் ஒருவன். கணக்கை மூடிவை, ஒரு மணி நேரம் இதைப் படி, பிறகு உன் இஷ்டம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. அவனுக்கும் அது தானாகத் தெரியவில்லை. கோமளத்தம்மாள் கல்லூரித் தலைவரிடமே போய் மகனுக்காக மன்றாடினார். விதி விதிதான் என்று ஆகிவிட்டது.

1905 ஆகஸ்டில் பையன் வீட்டைவிட்டு ஓடிவிட்டான். ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டான். பெற்றோர் பத்திரிகையில் காணவில்லை என்று விளம்பரம் கொடுத்தார்கள். பதினேழு வயது மேதைக்கு இப்படி ஒரு விளம்பரம்!

திரும்பி வந்தான். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே கணக்குப் பேராசிரியர்கள் அவன் நோட்டைப் பார்த்து வியந்தார்கள். ஆனால் உடலியல் பாடம் அவனுக்கு வேம்பு. தவளையை அறுப்பது சைவப் பிள்ளைக்குச் சகிக்கவில்லை. 1906-ல் எப்.ஏ. தோல்வி. 1907-ல் மறுபடி தோல்வி.

டிகிரி இல்லை. வேலை இல்லை. டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். பாடத்தை விட்டுவிட்டு எங்கோ ஆகாயத்துக்குப் போய்விடுவார். பட்டினி கிடந்த நாட்கள் உண்டு. 1909-ல் ஜானகி என்ற சிறுமியை மணம் முடித்து வைத்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. அடுத்த ஆண்டு ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. பணம் இல்லை. ஒரு டாக்டர் இலவசமாகச் செய்தார்.

வேலை தர மறுத்த நல்லவர்

1910-ல் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருக்கோவிலூர் போனார் ராமானுஜம். அங்கே டெபுடி கலெக்டர் ராமசாமி அய்யர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கொடுங்கள் என்று கேட்டார் ராமானுஜம்.

ராமசாமி அய்யர் நோட்டைப் புரட்டினார். வேலை கொடுக்கவில்லை! இவனைத் தாலுகா ஆபீசில் புதைக்க எனக்கு மனம் இல்லை என்று நினைத்துக்கொண்டார். சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கடிதம் கை மாறி, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் கொண்டுபோய் விட்டது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துத்தான் நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டார். வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், கணக்குப் போட நேரம், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார் ராமானுஜம். மாதம் 25 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார் கலெக்டர்.

ஒருவர் தயவில் எத்தனை நாள் இருப்பது? 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். அங்கே அவருக்கு மேல் அதிகாரி நாராயண அய்யர். கணக்கில் நல்ல தேர்ச்சி உள்ளவர். சாயங்காலம் ஆனால் இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

ராமானுஜம் இரண்டு வரியில் முடித்துவிடுவார். நாராயண அய்யருக்கு விளங்காது. நடுவில் பத்து வரியாவது எழுது, என் போன்றவனுக்கும் புரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். மேதைக்குச் சமமான மேதையாக இருந்தால்தான் உதவ முடியும் என்பதில்லை. எனக்குப் புரியவில்லை, விளக்கி எழுது என்று கேட்பதற்கு ஓர் ஆள் போதும். இப்படிக் கேட்க ஓர் ஆள் 1904-ல் கிடைத்திருந்தால்?

விதியை வளைத்தார்கள்

1913 ஜனவரி 16-ந் தேதி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார் ராமானுஜம். தாம் கண்ட சூத்திரங்களை அதில் வரிசையாக எழுதியிருந்தார். அதற்கு முன் கேம்பிரிட்ஜிலேயே இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பலன் இல்லை. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து கடிதத்தை ஆராய்ந்தார். எழுதியவன் பைத்தியமும் அல்ல, புரட்டனும் அல்ல. அபூர்வமான மேதை என்று தெரிந்தது.

அதே சமயம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். நோட்டைப் பார்த்தார். இவருக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

ஆராய்ச்சிப் பணம் எம்.ஏ. படித்தவர்களுக்குத்தான். ராமானுஜமோ எப்.ஏ.கூடத் தேறாதவர். கூட்டத்தில் விவாதம் நடந்தது. பல்கலைக்கழகச் சட்டத்தின் முகப்பிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் வேலை என்று இருக்கிறதே என்று ஒருவர் எடுத்துக்காட்டினார். விதி வளைந்தது. 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் அறிக்கை கொடுத்தால் போதும்.

விதி என்று சொல்லி முன்பு பறித்ததை, விதியைத் தாண்டி 1913-ல் கொடுத்தார்கள். நடுவில் போன வருஷங்கள் மட்டும் திரும்ப வரவில்லை.

கம்பளியும் மேதையும்

1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜம் சீமைக்குக் கப்பல் ஏறினார்.

ஹார்டி நல்ல குரு. ராமானுஜத்துக்குத் தெரியாத நவீனக் கணிதம் ஏராளம். எல்லாவற்றையும் முதலிலிருந்து படி என்று கட்டாயப்படுத்தினால் அந்த ஊற்றே அடைத்துவிடும் என்று ஹார்டி அஞ்சினார். தேவையானதை மட்டும் பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தார். தாம் கற்றுக்கொடுத்ததைவிட அவரிடம் கற்றுக்கொண்டதே அதிகம் என்றும் ஒப்புக்கொண்டார். 1916-ல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எப்.ஏ. தேறாதவருக்கு பி.ஏ.!

ஆனால் குளிர்? மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் ஒரு நாள் அவர் அறைக்குப் போனார். ராத்திரி குளிரில் நடுங்குவதாகச் சொன்னார் ராமானுஜம். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து நன்றாகச் செருகி விரித்திருந்தன. ராமானுஜம் அவற்றுக்கு மேலே, கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்! கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. நம் மலையில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். மகலனோபிஸ் செய்து காட்டினார்.

இதைச் சொன்னபோது அந்த அம்மாள் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய படிப்புப் பிள்ளைக்கும் போர்த்திவிட ஆள் வேண்டியிருக்கிறதே என்றார்.

முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். தாமே சமைத்தார். சில நாள் சமைக்க மறந்தார். 1917-ல் நோய் வந்து படுக்கையில் விழுந்தார். நோயோடு நோயாகப் பெருமையும் வந்தது. 1918-ல் ராயல் சொசைட்டியின் எப்.ஆர்.எஸ். பட்டம், அதே ஆண்டு டிரினிடி கல்லூரியின் பெல்லோ பதவி.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். எலும்பும் தோலுமாக வந்தார். படுக்கையிலும் சூத்திரங்கள் எழுதினார். ஜானகி அம்மாள் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் அந்த உயிர் பிரிந்தது. வயது முப்பத்திரண்டுதான்.

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து, ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்து, 1994 வரை திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். படுக்கையில் எழுதிய தாள்கள் பல கை மாறி, கேம்பிரிட்ஜ் நூலகத்தில் 1976-ல் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. கும்பகோணத்து வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து பையன் கணக்குப் போட்ட இடத்தைப் போகிறவர்கள் பார்க்கலாம்.

பஸ் ஏறும் நேரம் வந்துவிட்டது. குழந்தைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வளைவில் பஸ் இறங்கும்போது கதையில் விட்டுப்போன ஒன்றைச் சொன்னேன்.

1919 ஜனவரி. ராமானுஜம் இன்னும் இங்கிலாந்தில், நோயாளியாக. ஊர் திரும்பியதும் வருஷத்துக்கு 250 பவுன் கொடுப்பதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் தெரிவித்திருந்தது. ஜவுளிக்கடைக் குமாஸ்தா மகனுக்கு அது பெரிய பணம். நன்றி சொல்லிப் பதில் எழுதினார். ஆனால் இது என் தேவைக்கு மேல் என்றும் எழுதினார். பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் சம்பளம் குறைக்கவும் புத்தகம் வாங்கிக் கொடுக்கவும் செலவழிக்கும்படி கேட்டுக்கொண்டார்.